காதுதான் ஜெயிக்கும்!

(பட்டிமன்றத் தலைப்பு: 'ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்கும் செல்போன் விளையாட்டில் வெற்றி தருவது வாயா? காதா?' - 'காதே!' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் வாயாலேயே வடை சுட்டுவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

நான் 34 வருஷம் கணக்கு டீச்சர். 2015-இல் ஓய்வு பெற்றேன். கணக்கு டீச்சருக்கும் செல்போன் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டாங்க இல்லையா? நான் மதுரையில். மகன் குடும்பம் சென்னையில். மகள் குடும்பம் திருப்பூரில். தம்பி குடும்பம் பக்கத்துத் தெருவில் இருந்தும் வர முடியலை. அப்பதான் சென்னையில இருக்கிற என் பேரன் சொன்னான்: "அப்பத்தா, எல்லாரும் சேர்ந்து 'அமங் அஸ்' விளையாடலாம்." விளையாட்டு ஒரு செல்லுல. பேச்சு இன்னொரு செல்லுல. மூணு வீட்டு ஆளுங்களும் சேர்ந்து மொத்தம் பத்துப் பேர்!

தெரியாத தாய்மார்களுக்காகச் சொல்றேன். ஒரு விண்வெளிக் கப்பல். அதுல பத்துப் பேர், ஆளுக்கு ஒரு கலர். எட்டுப் பேர் நல்லவங்க. ஆளுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்திருப்பாங்க. வயரைச் சேர்க்கணும், குப்பையைக் கொட்டணும், கார்டு தேய்க்கணும். மிச்சம் ரெண்டு பேர் வேஷக்காரங்க. இங்கிலீஷ்ல இம்போஸ்டர். வேலை செய்யற மாதிரி நடிச்சுக்கிட்டே, தனியா மாட்டுற ஆளை முடிச்சிடுவாங்க. யாராவது பிணத்தைப் பார்த்தா பட்டனை அழுத்தலாம். உடனே பஞ்சாயத்து! யார் செஞ்சதுன்னு பேசி, ஓட்டுப் போட்டு, ஒருத்தரைக் கப்பலுக்கு வெளியே தள்ளணும். வேஷக்காரங்க ரெண்டு பேரையும் தள்ளிட்டாலோ, எல்லா வேலையையும் முடிச்சிட்டாலோ நல்லவங்களுக்கு ஜெயம். நல்லவங்க எண்ணிக்கை குறைஞ்சு குறைஞ்சு ரெண்டு பக்கமும் சமமாயிட்டா வேஷக்காரங்களுக்கு ஜெயம்.

இதுல ஒரு அநியாயம் கேளுங்க. நல்லவங்க செத்துப்போனாலும் அவங்க வேலை தீராது. ஆவியா அலைஞ்சு வேலையை முடிக்கணும்! நம்ம வீட்டுப் பெண்களைப் பார்த்துத்தான் இந்தச் சட்டம் எழுதியிருப்பாங்களோன்னு எனக்குச் சந்தேகம். (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இந்த விளையாட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1986-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவிதோவ் என்பவர் 'மாஃபியா' என்று ஒரு விளையாட்டை உண்டாக்கினார். வட்டமா உட்கார்ந்து, சீட்டு எடுத்து, பேசி ஆடுறது. 1997-இல் அமெரிக்காவின் ஆண்ட்ரூ பிளாட்கின் அதையே ஓநாய் மனிதன் கதையா மாத்தினார். அந்த வம்சத்தில் 2018-இல் ஒரு சின்ன அமெரிக்க நிறுவனத்தில் பிறந்ததுதான் 'அமங் அஸ்'. ரெண்டு வருஷம் சீந்துவாரில்லாமல் கிடந்தது, 2020-இல் ஊரடங்கோடு சேர்ந்து உலகமெல்லாம் பரவிவிட்டது. நமக்கென்ன புதுசா? 'ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன்' என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, திருடன் யாருன்னு முழிச்ச கூட்டம்தானே நாம!

சரி, வழக்குக்கு வருகிறேன். எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "முதல்ல பேசுறவன் ஜெயிப்பான். சத்தமா பேசுறவன் ஜெயிப்பான். விளையாட்டே பேச்சுத்தானே?" என்றார். தம்பி, நாங்க ஆடின முதல் ஆட்டத்துல நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்தது. என்ன ஆச்சுன்னு கேளுங்க.

பிணத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்தினது என் பேரன். வயசு 12. அழுத்தின கையோட ஒரே கூச்சல்: "அப்பத்தா! பச்சைக் கலர்தான்! எலெக்ட்ரிக்கல் ரூம்ல நின்னா! நான் கண்ணால பார்த்தேன்!" பச்சைக் கலர் யாரு? திருப்பூர்ல இருக்கிற என் பேத்தி. வயசு 9. அவ "இல்ல... நான் வந்து..."ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சு. நானும்தான் போட்டேன். பாவம், பச்சைப் பொம்மை விண்வெளியில சுத்திக்கிட்டே போச்சு. திரையில் எழுத்து வருது: 'இவர் இம்போஸ்டர் இல்லை.'

கொலைகாரன் யாருன்னா, பட்டனை அழுத்தினானே என் பேரன், அவனேதான்! (சிரிப்பு)

நாங்க எல்லாரும் சிரிச்சோம். ஆனா திருப்பூர்ல இருந்து ஒரு விசும்பல் சத்தம் வந்தது. "அம்மாச்சி, நான் என் வேலையைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன். நான் எங்க இருந்தேன்னு யாருமே என்னைக் கேக்கலையே" என்றாள்.

நடுவர் அவர்களே, இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

எதிரணியில் உடனே கேட்பார்கள்: "பார்த்தீங்களா, அந்தக் குழந்தைக்கு வாய் இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்!" அய்யா, அவளுக்கு வாய் இருந்தது. எங்க ஒன்பது பேருக்கும்தான் காது இல்லை! (கைதட்டல்)

இப்ப கணக்கு டீச்சர் கணக்கு போடுறேன். எட்டு நல்லவங்க, ரெண்டு வேஷக்காரங்க. முதல் சுத்துல ஆளுக்கு ஒருத்தரா ரெண்டு பேரை முடிச்சிட்டாங்க. மிச்சம் ஆறு. பஞ்சாயத்துல நாம தப்பா ஒருத்தரை வெளியே தள்ளிட்டோம். அஞ்சு. அடுத்த சுத்துல மறுபடி ரெண்டு கொலை. மூணு. மறுபடி பஞ்சாயத்து, மறுபடி தப்பு. ரெண்டு! அங்கயும் ரெண்டு, இங்கயும் ரெண்டு, ஆட்டம் முடிஞ்சுது. போன ஆறு பேர்ல கொலைகாரங்க கொன்னது நாலு பேரை. நாம கொன்னது ரெண்டு பேரை! சம்பளம் இல்லாம அவங்க வேலையை நாம செஞ்சிருக்கோம்.

அதனாலதான் அந்த விளையாட்டுல 'ஸ்கிப்'னு ஒரு பட்டன் வச்சிருக்கான். ஆதாரம் இல்லையா, யாரையும் தள்ளாதே, இன்னொரு சுத்து கவனி. ஆனா எப்பவும் ஸ்கிப் பண்ணிக்கிட்டே இருக்கவும் கூடாது. மூணே பேர் மிச்சம், அதுல ஒருத்தன் வேஷக்காரன்னா, அப்ப சும்மா விட்டா அடுத்த கொலையோட ஆட்டம் போச்சு. அந்த நேரத்துல ஓட்டுப் போட்டே ஆகணும். அதுக்குள்ள நீங்க காதால சேர்த்து வச்சிருக்கிறதுதான் உங்களுக்குத் துணை. யாரு எங்க இருந்தேன்னு சொன்னாங்க, போன பஞ்சாயத்துல சொன்னதும் இப்ப சொல்றதும் ஒத்துப்போகுதா, இந்த ரெண்டும் மனசுல இருக்கணும்.

அடுத்து, எதிரணித் தலைவி ஒரு போடு போட்டார். "மூஞ்சியைப் பார்த்தாலே பொய் தெரிஞ்சிடும். அதனால தைரியமா பேசினா போதும்" என்றார். அம்மா, இது ஆராய்ச்சி பண்ணின விஷயம். சார்லஸ் பாண்டு, பெல்லா டிபாலோ என்ற ரெண்டு அமெரிக்க உளவியல் அறிஞர்கள், பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றி அதுவரை வந்த சோதனைகளை எல்லாம் ஒன்று திரட்டி 2006-இல் வெளியிட்டார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் 24,000 பேருக்கும் மேல். பொய்யா உண்மையான்னு சரியாச் சொன்னது எவ்வளவு தெரியுமா? நூத்துக்கு 54! காசைச் சுண்டிப் போட்டாலே நூத்துக்கு 50 வந்திடும். நம்ம கண்ணோட சாமர்த்தியத்துக்கு நாலு மார்க்தான் கூட! (சிரிப்பு) அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் சொல்கிறார்கள். வெறும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னவர்களைவிட, குரலைக் கேட்டுச் சொன்னவர்கள்தான் பொய்யை நன்றாகக் கண்டுபிடித்தார்கள். நடுவர் அவர்களே, காதுக்கு இதைவிட நற்சான்றிதழ் வேண்டுமா? (கைதட்டல்)

முதல் வாரம் பூரா தோத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டாவது வாரம் ஒரு முடிவு எடுத்தேன். வகுப்புல ஜன்னல் கண்ணாடி உடைஞ்சா நான் எப்படி விசாரிப்பேனோ அப்படி விசாரிக்கிறது. பிணத்தை நான் பார்த்தேன். எலெக்ட்ரிக்கல் ரூம். பட்டனை அழுத்தினேன். ஆனா எங்க கிடந்ததுன்னு நான் வாயே திறக்கலை. ஒவ்வொருத்தரையா பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "நீ எங்க இருந்த? கூட யாரு? என்ன வேலை பார்த்த?" இந்த மூணே கேள்விதான்.

மருமகள் சொன்னா, தம்பி சொன்னான், அவன் சம்சாரம் சொன்னா. எங்க மாப்பிள்ளை முறை வந்தது. திருப்பூர்ல பெரிய பேச்சுக்காரர். சரளமா ஆரம்பிச்சார். "அத்தை, நான் நேவிகேஷன்ல இருந்தேன். அப்புறம் கேன்டீன் பக்கம் வந்தேன். எலெக்ட்ரிக்கல் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்கலை அத்தை!"

நான் மெதுவாக் கேட்டேன்: "மாப்பிள்ளை, எலெக்ட்ரிக்கல்னு யாரு சொன்னா?" (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

மூணு வீட்டிலும் மூச்சு விடுற சத்தம் இல்லை. அப்புறம் ஓட்டு. என் மக உட்பட அத்தனை பேரும் மாப்பிள்ளைக்கு எதிரா! கல்யாணமாகி 14 வருஷத்துல மாமியார் சொன்னதை மொத்தக் குடும்பமும் ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான். (சிரிப்பு) அவரைக் கவுத்தது எது? அவர் வாய். பிடிச்சது எது? என் காது. பிணத்தைப் பார்க்கிறவங்க இடத்தை உடனே சொல்லிடாதீங்க. எல்லார்கிட்டயும் கேட்ட பிறகு சொல்லுங்க. செய்தவனுக்கு மட்டும்தான் அந்த இடம் முன்கூட்டியே தெரியும்.

"சரி, நல்லவங்களுக்குக் காது. வேஷக்காரனுக்கு வாய்தானே வேணும்?" என்று எதிரணி கேட்கலாம். அதையும் அனுபவத்துலயே சொல்றேன். நான் முதல் தடவை இம்போஸ்டரா வந்தப்போ, மத்தவங்க பேசுற நேரம் பூரா என் பொய்யை ஜோடிச்சுக்கிட்டு இருந்தேன். என் முறை வந்ததும் கம்பீரமாச் சொன்னேன்: "நான் மருத்துவ அறையில ஸ்கேன் மெஷின்ல ஏறி நின்னுக்கிட்டு இருந்தேன்." தம்பி சொல்றான்: "அக்கா, அந்த மெஷின்ல நான் நின்னேன்னு இப்பத்தானே சொன்னேன்? ரெண்டு பேரும் என்னை அங்க பார்த்தாங்களே!" அவ்வளவுதான், என்னைக் கப்பலை விட்டு வெளியே தள்ளிட்டாங்க. (சிரிப்பு) அது எங்க தப்புன்னா, வேஷக்காரனால அந்த மெஷினை ஓட்டவே முடியாது. தம்பி அதுல நின்னதை ரெண்டு பேர் பார்த்ததால அவன் நல்லவன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அவன்கூடவா போய் மோதுறது!

அடுத்த தடவை பேசாம கேட்டேன். தம்பி சம்சாரம், "ஆரம்பத்துல மதினியைக் கேன்டீன்ல பார்த்தேன்"னு சொன்னா. எனக்கு அது போதும். "ஆமாம், கேன்டீன்ல குப்பையைக் கொட்டிட்டு அப்படியே பக்கத்து ரூமுக்குப் போனேன்"னு ஒரே வரி. முக்கால் பங்கு உண்மை, கால் பங்கு பொய். அந்த ஆட்டம் நான்தான் ஜெயிச்சேன். ஆகவே, பொய் சொல்றவனுக்கும் முதல்ல காதுதான் வேணும். அடுத்தவங்க சொன்ன உண்மை மேலதான் அவன் தன் பொய்யை நிறுத்த முடியும்.

நடுவர் அவர்களே, நான் கணக்கு டீச்சர். இலக்கியம் பேசினா தமிழய்யாக்கள் மன்னிக்கணும். ஆனாலும் மதுரைக்காரி, சொல்லாம இருக்க முடியலை. சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடினது யார்? பொற்கொல்லன். முதலில் ஓடிப்போய்ப் "பிடிச்சிட்டேன், இதோ திருடன்" என்று அரசனிடம் சொன்னதும் அதே பொற்கொல்லன். என் பேரன் பட்டனை அழுத்தின மாதிரியே! பாண்டியன் கோவலனைக் கூப்பிட்டு, "இந்தச் சிலம்பு உனக்கு ஏது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணகி வந்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று சொல்லி உடைத்துக் காட்டுகிறாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. எவ்வளவு எளிய ஆதாரம்! கோவலன் உயிரோடு இருக்கும்போது "உள்ளே என்ன பரல்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் மதுரை எரிந்திருக்காது. பொற்கொல்லனுக்கு வாய் இருந்தது. அரசனுக்கு அந்த நேரத்தில் காது இல்லை. (பலத்த கைதட்டல்)

அரசனைக் குறை சொல்லிட்டேன். இப்ப என்னைச் சொல்லிக்கணும்.

1987. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். ஏழாம் வகுப்பு. சுற்றுலாவுக்காக ஒரு பையன் கொண்டு வந்த 40 ரூபாய் காணாமல் போய்விட்டது. அப்போ 40 ரூபாய் பெரிய காசு. வகுப்பே அமைதியா இருக்கு. கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் எழுந்தான். நல்லாப் பேசுவான், பேச்சுப் போட்டியில பரிசெல்லாம் வாங்கினவன். "டீச்சர், இவன்தான் எடுத்தான். இடைவேளையில இவன் பை பக்கத்துல நின்னதை நான் பார்த்தேன்"னு கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தனைக் கைகாட்டினான். அந்தப் பையன் அதிகம் பேச மாட்டான். கொஞ்சம் திக்கும். சட்டையில எப்பவும் ஒரு பட்டன் இருக்காது.

நான் என்ன செஞ்சேன்? அன்னைக்கு நானும் உடனே ஓட்டுப் போட்டுட்டேன். அவனை ரெண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிக்க வச்சேன்.

மூணாம் நாள் பணம் கிடைச்சது. தொலைச்ச பையனோட பூகோள நோட்டுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைக்குள்ளேயே இருந்தது. பத்திரமா இருக்கட்டும்னு அவங்கம்மா வச்சுக் கொடுத்ததை அவனே மறந்துட்டான். இடைவேளையில அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் எங்க இருந்தான் தெரியுமா? தலைமையாசிரியர் அறையில தண்ணிப் பானையை நிரப்பிக்கிட்டு இருந்தான். பள்ளிக்கூடத்து ஆயாவுக்கே தெரியும். கைகாட்டின பையன் பொய் சொன்னானா, நிஜமாவே அப்படி நம்பிச் சொன்னானா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

நான் அவனைக் கூப்பிட்டு, "ஏண்டா, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னேன். அவன் திக்கித் திக்கிச் சொன்னான்: "டீச்சர், நீங்க என்னைக் கேக்கவே இல்லையே."

(அரங்கில் அமைதி)

அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். சரி டீச்சர்னு தலையாட்டினான். ஆனா அந்த வருஷம் முழுக்க, ஒரு கேள்விக்குக்கூட அவன் கை தூக்கவே இல்லை. நான் கரும்பலகையில கணக்கு எழுதிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தக் கையைத் தேடியிருக்கேன்.

33 வருஷம் கழிச்சு, செல்போன்ல ஒன்பது வயசுப் பேத்தி அழுதுக்கிட்டே அதே வார்த்தையைச் சொன்னா, எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மறுநாள் எங்க வீட்டு ஆட்டத்துக்கு ஒரு சட்டம் போட்டேன். ஓட்டுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் பேர் சொல்லிக் கேட்கணும். குறைவாப் பேசுறவங்ககிட்ட முதல்ல கேட்கணும். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சட்டம் வந்த பிறகு என் பேத்திதான் எங்க வீட்டிலேயே பெரிய துப்பறியும் நிபுணர். ஏன்னா, அவ பேசாம இருந்த நேரமெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. யாரு எந்த ரூம்ல இருந்து வந்தாங்க, யாரு வேலை செய்யற மாதிரி நின்னும் வேலைப் பட்டை ஏறலை, எல்லாம் அவகிட்ட கணக்கு இருக்கு!

இது வெறும் விளையாட்டு இல்லை அய்யா. வீட்டுல ஒரு பொருள் காணாமப் போனா முதல்ல யாரைச் சந்தேகப்படுறோம்? வேலைக்கு வர்ற அம்மாவை. ரெண்டு பிள்ளைங்க சண்டை போட்டா யாருக்கு அடி விழுது? முதல்ல ஓடி வந்து சொல்லத் தெரியாத பிள்ளைக்கு. அந்த இடத்துல எல்லாம் "நீ எங்க இருந்த? என்ன நடந்தது?"ன்னு கேட்டுட்டு, பதில் முடியற வரைக்கும் காத்திருக்கிற பொறுமை இருந்தா, செல்போன்லயும் ஜெயிக்கலாம், வீட்லயும் ஜெயிக்கலாம். (கைதட்டல்)

நிறைவாக, நடுவர் அவர்களே! இந்த மேடையில வாய் யாருக்கு? எங்க ஆறு பேருக்கும். நாங்க மாறி மாறிப் பேசுறோம், ஒருத்தரை ஒருத்தர் கைகாட்டுறோம். ஆனா உண்மை எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சுத் தீர்ப்புச் சொல்லப் போறது யாரு? ஆரம்பத்துல இருந்து பேசாம கேட்டுக்கிட்டு இருக்கிற நீங்கதான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) உங்கள் நாற்காலியே எங்கள் அணிக்குச் சாட்சி. ஆகவே, ஒளிந்திருப்பவனைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் வெற்றி தருவது காதே, காதே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)